பதின்மூன்றாவது வாரத்திலும் சிரிப்பு வர வேண்டும்

வானொலிக்கு நகைச்சுவைத் தொடர் எழுதித் தர விரும்பும் எவரும், தாளை உறையில் இடுவதற்கு முன்னால், ஒரு கேள்விக்கு விடை கண்டிருக்க வேண்டும். பதின்மூன்றாவது வாரத்தில் இந்தத் தொடரில் என்ன நடக்கும் என்பதே அந்தக் கேள்வி. அகில இந்திய வானொலி நிலையங்கள் தங்கள் நிகழ்ச்சிகளைக் காலாண்டு வாரியாகத் திட்டமிடுகின்றன. ஒரு காலாண்டுக்கு 13 வாரங்கள் என்பதால், வாரம் ஒரு முறை வரும் தொடருக்கு 13 பகுதிகள் தேவைப்படும். நல்ல நகைச்சுவைத் துணுக்கு ஒன்றைக் கையில் வைத்திருப்பவர்கள் நம் ஊர்களில் ஏராளமாக இருக்கிறார்கள். அந்தத் துணுக்கு இரண்டாவது வாரத்திலேயே தீர்ந்துவிடும். நிலையத்தார் வாங்க விரும்புவது, வாரந்தோறும் புதிதாகச் சிரிப்பைத் தந்துகொண்டே இருக்கக்கூடிய ஒரு நிலைமையை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட பிறகுதான் என்னால் ஒரு தொடரை எழுதி, நிலையத்தில் பேசி, ஒலிபரப்பு வரை கொண்டுசெல்ல முடிந்தது. அந்த வழியில் நான் கற்றவற்றை, எழுதும் ஆர்வமுள்ள பிறருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், இங்கே விரிவாகப் பகிர்ந்துகொள்கிறேன்.

காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில் வளர்ந்தவள் நான். பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் சிறு நாடகங்கள் எழுதிப் பழகியவள். எங்கள் பக்கத்தில் நகைச்சுவைப் பேச்சுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் மேடையில் பட்டிமன்றம் வளர்ந்ததையும், குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்து அதனை ஊர் ஊராகக் கொண்டுசென்றதையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். எங்கள் ஊர் நாடக மேடையில் ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பெயர் பெற்றுப் பின்னாளில் தமிழகம் முழுவதும் ‘ஆச்சி’ என்று அழைத்த மனோரமாவைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆயினும் மேடைச் சிரிப்பும் வானொலிச் சிரிப்பும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. மேடையில் முன்வரிசையில் ஒருவர் சிரித்தால் அது பின்வரிசை வரை பரவும். பேசுபவரின் புருவமும் கையும் பாதி வேலையைச் செய்துவிடும். வானொலியைக் கேட்பவரோ பெரும்பாலும் தனியாக இருக்கிறார். அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டோ, கடையில் கணக்கு எழுதிக்கொண்டோ, வண்டி ஓட்டிக்கொண்டோ, அரைக் காதைத்தான் நமக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கு அருகில் சிரித்துத் தொடங்கிவைக்க யாரும் இல்லை. ஆகவே மேடையில் வெற்றி பெற்ற நாடகத்தை அப்படியே படியெடுத்து நிலையத்திற்கு அனுப்புவதால் பயன் விளைவது அரிது.

எழுதத் தொடங்கும் முன் கேட்க வேண்டும். இதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் தகும். செட்டிநாட்டுப் பகுதி திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவில் இருப்பதால் எங்களுக்கு இரு பக்கத்து ஒலிபரப்புகளும் கிடைக்கின்றன. திருச்சி நிலையம் 1939இல் தொடங்கிய பழைய நிலையம். மதுரை நிலையம் 1987இல் வந்தது. கொடைக்கானல் மலையுச்சியிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் பண்பலை ஒலிபரப்பு பல மாவட்டங்களில் கேட்கும். இரு நகரங்களிலிருந்தும் தனியார் பண்பலைகளும் உண்டு. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, நகைச்சுவை எந்த நேரத்தில் வருகிறது, எத்தனை நிமிடம் நீள்கிறது, எத்தனை குரல்கள், தொடக்கத்தில் இசையா பேச்சா, முடிவு எப்படி அமைகிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நிகழ்ச்சி என்று எழுதி வந்தேன். சில வாரங்களில் ஒரு படம் தெளிந்துவிட்டது. நான் மனத்தில் வைத்திருந்த அரைமணி நேர நாடகத்திற்கு, நான் அணுக நினைத்த நிலையத்தில் இடமே இல்லை. 15 நிமிட இடம் ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் வேளாண் நிகழ்ச்சியும் பின்னால் செய்தியும் வந்தன. அப்படியானால் கேட்பவர்களில் கிராமத்தார் அதிகம், செய்தி தொடங்கும் நொடிக்குள் நாடகம் முடிந்தாக வேண்டும், இறுதிச் சிரிப்பைக் கடைசி நொடி வரை தள்ளிவைக்கக் கூடாது என்று மூன்று முடிவுகளுக்கு வந்தேன். இந்த மூன்றையும் பின்னர் நிலையத்தில் நானே எடுத்துச் சொன்னபோது, எதிரில் இருந்தவர் என் தாளை இன்னொரு முறை கையிலெடுத்துப் படித்தார்.

இனி, கருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டின் பெரிய வீடுகளைச் சுற்றுலாவாக வந்து பார்ப்பவர்கள் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் வியந்துவிட்டுப் போவார்கள். அங்கே வாழ்பவர்களுக்கு அந்த வீடு வேறொன்று. அது பல பங்காளிகளுக்குப் பொதுவான சொத்து. முகப்பும், வளவு என்னும் நடுமுற்றப் பகுதியும் பொது. சுற்றியுள்ள உள்வீடுகள் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனி. பங்காளிகள் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள்; திருமணம், முன்னோருக்குப் படையலிடும் படைப்பு என்று வந்தால்தான் கூடுவார்கள். ஓடு மாற்ற வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து இருக்கும். யார் பணம் தருவது என்பதில் மட்டும் கருத்து வேறுபடும். இந்த நிலைமையில் சிரிப்பு ஊற்றெடுத்துக்கொண்டே இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பதினாறு பங்காளிகள், ஒரே நிலைக்கதவு, அதற்கு ஒரே சாவி. அந்தச் சாவி முறைவைத்துக் கைமாறும். வீட்டினுள்ளே அப்பத்தா ஒருவர் மட்டும் நிரந்தரமாக இருக்கிறார், அவருக்கு எந்தச் சாவியும் வேண்டியதில்லை. தொடருக்கு ‘சாவி யாரிடம்?’ என்று பெயரிட்டேன்.

பெயரிட்ட அன்றே 13 வாரங்களையும் ஒவ்வொரு வரியில் எழுதிப் பார்த்தேன். படப்பிடிப்புக்கு வீட்டை வாடகைக்குக் கேட்டு வருகிறார்கள்; வளவைப் பார்த்த இயக்குநர் அப்பத்தாவையும் நடிக்கச் சொல்கிறார். படைப்பு வருகிறது, சமையலுக்கு எந்தப் பங்காளியின் அண்டா என்ற கேள்வி எழுகிறது. பிள்ளையார் நோன்பில் இழை எடுக்க, அதாவது நூல்திரி ஏற்றிய மாவைச் சுடரோடு உண்ண, வேண்டிய பேரன் விமானத்தில் இருக்கிறான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் பித்தளைக் குத்துவிளக்கை விலை கேட்டு வந்து, அப்பத்தாவிடம் இரண்டு பழைய நாற்காலிகளை வாங்கிக்கொண்டு போகிறார். அவை அவருடைய கடையிலேயே முன்பு வாங்கியவை. மழை பெய்து முற்றம் நிறைகிறது. இப்படி எழுதிக்கொண்டே போய், கடைசி வாரத்தில் சாவி தொலைந்து, பதினாறு பங்காளிகளும் முதன்முறையாக ஒரே நேரத்தில் முகப்பில் நிற்கிறார்கள் என்று முடித்தேன். பத்தாவது வரியைத் தாண்டுவதற்குள் மூச்சுத் திணறும் கருவாக இருந்தால் அதைச் சிறுகதையாகவோ தனி நாடகமாகவோ எழுதிவிடுவது நல்லது. தொடருக்குரியதா இல்லையா என்பதை அறிய இதைவிட எளிய சோதனையை நான் அறியேன்.

அடுத்து, காது. வானொலியில் ஒரே நேரத்தில் மூன்று, நான்கு குரல்களுக்கு மேல் கேட்பவரால் பிரித்தறிய முடியாது. அந்த நான்கும் வயதாலும் பாலாலும் பேச்சு வழக்காலும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்டிருக்க வேண்டும். இதற்கு மிகச் சிறந்த முன்னுதாரணம் இலங்கை வானொலியில் 1970களில் வந்த ‘கோமாளிகள் கும்மாளம்’. யாழ்ப்பாணத் தமிழ் பேசுபவர் ஒருவர், முஸ்லிம்களின் வழக்கில் பேசுபவர் ஒருவர், சிங்களவர் பேசும் தமிழில் பேசுபவர் ஒருவர், ஐயர் ஒருவர் என்று நால்வரையும் முதற்சொல்லிலேயே அடையாளம் காண முடிந்தது. எங்கள் பக்கத்தில் கொழும்பு ஒலிபரப்பைத் திருச்சி ஒலிபரப்புக்குச் சமமாகக் கேட்ட தலைமுறை ஒன்று இருந்தது; வணிகத்தின் பொருட்டு இலங்கையோடும் பர்மாவோடும் உறவு வைத்திருந்த வீடுகளில் அந்த நிகழ்ச்சிகளைப் பற்றி இன்றும் பேசுவார்கள். அந்த வழியைப் பின்பற்றி நான் நான்கு குரல்களை அமைத்தேன். செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தாரின் வழக்கில் பேசும் அப்பத்தா. சிங்கப்பூரில் வளர்ந்து, எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் கலந்து தடுமாறும் பேரன். எதையும் தொகையாகவே சொல்லும் வயதான கணக்குப்பிள்ளை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் திருநெல்வேலி அண்ணாச்சி. அந்தந்த வாரத்துப் பங்காளி ஐந்தாவது குரல். ஒரே நடிகர் குரலை மாற்றிப் பல பங்காளிகளாகப் பேசிவிடலாம்.

ஒலியும் ஒரு பாத்திரம் என்று நினைத்து எழுதினால் வசனம் பாதியாகக் குறையும். என் முதல் பகுதி இப்படித் தொடங்கியது:

(ஒலி: கனமான சாவி துளையில் திரும்புகிறது. மறுபடியும் திரும்புகிறது. கதவு அசையவில்லை.)

பேரன்: அப்பத்தா! சாவி போட்டாச்சு, கதவு தெறக்க மாட்டேங்குது!

அப்பத்தா: (உள்ளே தொலைவில், எதிரொலியுடன்) அது தெறந்துதான்டா கெடந்துச்சு. நீதான் இப்பப் பூட்டிக்கிட்டு நிக்கிற.

இந்த இரண்டு வசனங்களில் கேட்பவருக்கு ஒரு பெரிய கதவும், அதற்குப் பின்னால் நீண்டு கிடக்கும் வீடும், வெளியே நிற்கும் இளைஞனும், உள்ளே இருக்கும் முதியவரும், இருவருக்கும் இடையிலான உறவும் கிடைத்துவிடுகின்றன. ‘இதோ என் பாட்டனார் கட்டிய செட்டிநாட்டு வீடு’ என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் மற்றவரிடம், இருவருக்கும் முன்பே தெரிந்த செய்தியைச் சொல்வதாக எழுதப்படும் வசனம் வானொலி நாடகத்தில் மிகுதியாகக் காணப்படும் குறை; எழுதியதை உரக்கப் படித்தால் அந்த இடங்கள் காதில் இடறும். நான் ஒவ்வொரு பகுதியையும் கடிகாரத்தை எதிரில் வைத்து உரக்கப் படித்து நேரம் குறிப்பேன். மௌனமாகப் படிக்கும் வேகத்தை நம்பி நீளத்தைக் கணக்கிடக் கூடாது. ஒலிக்குறிப்புகளுக்கும் சிரிப்புக்குப் பின் வரும் சிறு இடைவெளிக்கும் நேரம் வேண்டும்.

நிலையத்திற்குக் கொடுக்கும் தாளுக்கு வருகிறேன். முன்மொழிவு ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தலைப்பு, எந்த இடத்திற்கு, எத்தனை நிமிடம், எத்தனை வாரம் என்பது முதல் வரியில் இருக்க வேண்டும். பிறகு நிலைமை, இரண்டே வாக்கியங்களில். அதன் பின் ஒவ்வொரு பாத்திரமும் யார், அவர் குரல் எப்படிப்பட்டது, அவர் எதை விரும்புகிறார் என்று ஒவ்வொரு வரி. அந்த மூன்றாவது செய்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்பத்தா வீட்டை யாரும் பூட்டக் கூடாது என்று விரும்புகிறார். பேரன் விற்றுவிட விரும்புகிறான். கணக்குப்பிள்ளை கணக்கை ஒரு முறையாவது முடித்துவிட விரும்புகிறார். அண்ணாச்சி தன் ஊருக்கு ஒரு வாரம் போய்வர விரும்புகிறார். நால்வரின் விருப்பமும் ஒன்றோடொன்று மோதுவதால் நகைச்சுவை தானாகப் பிறக்கும் என்பதைப் படிப்பவர் அந்த நான்கு வரிகளிலேயே கண்டுகொள்வார். பக்கத்தின் கீழ்ப்பகுதியில் 13 வாரங்களின் கதைக்குறிப்பு, வாரத்திற்கு ஒரு வரி. தனியே இணைப்பாக முதல் பகுதியின் முழு எழுத்துப்படி. ‘இது கேட்பவர்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும்’ போன்ற வாக்கியம் எதுவும் தாளில் இருக்கக் கூடாது. சிரிப்பு வருமா என்பதை இணைப்பைப் படித்து அவர்களே முடிவு செய்வார்கள். அதற்குப் பதிலாக முன்மொழிவிலேயே ஒரு சிரிப்பை வைத்துவிடலாம். நான் கணக்குப்பிள்ளையை அறிமுகம் செய்யும் வரியில் அவருடைய பேச்சையே எழுதினேன்: ‘ஓடு மாத்துற செலவுக்கு முதல் பங்காளிகிட்டத் தொகையச் சொல்லியாச்சு, ரெண்டாவது பங்காளிகிட்டத் தொகையக் கேட்டாச்சு, மூணாவது பங்காளி தொகைன்னா என்னான்னு கேட்டாரு.’

காலமும் முக்கியம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டுகள் தொடங்குகின்றன. அட்டவணை அதற்கு முன்பே உருவாகிவிடும். ஆகவே தொடங்கும் மாதத்துக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்னதாகத் தாள் அவர்கள் மேசையில் இருப்பது நலம். நிலைய இயக்குநரின் பெயருக்கு அனுப்பினாலும், நாடகப் பிரிவைக் கவனிக்கும் நிகழ்ச்சி நிர்வாகி யார் என்று கேட்டறிந்து அவரைச் சந்திக்க நேரம் கேட்பதே சரியான வழி. இங்கிலாந்தில் பிபிசி வானொலி நான்காம் அலைவரிசையில் மாலை 6.30 மணிக்கு அரைமணி நேர நகைச்சுவைக்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள். அங்கும் எழுத்தாளர் நேராக நிலையத்திடம் போவதைவிட, ஒரு தயாரிப்பாளரோடு இணைந்து செல்வதே வழக்கம். உள்ளே ஒருவர் அந்தக் கருவைத் தமதாக ஏற்றுக்கொண்டு பேசினால்தான் எந்த நிலையத்திலும் அது கூட்டத்தைக் கடந்து அட்டவணைக்குள் நுழையும்.

நான் சந்தித்த நிகழ்ச்சி நிர்வாகி அனுபவம் மிக்க ஒரு பெண்மணி. தாளைப் படித்துவிட்டு அவர் புகழவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. “பதின்மூணாவது வாரம் சாவி தொலைஞ்சு போகுது, சரிங்க. கதவ யார் தெறக்கிறாங்க?” என்று கேட்டார். “அப்பத்தா உள்ள இருந்து தாழ்ப்பாள நீக்குவாங்க, மேடம். உள்ள இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும்னு பதினாறு பேருக்கும் அப்பத்தான் தோணும்” என்றேன். அதன் பிறகே அவர் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினார். கடைசிப் பகுதி தெரிந்தவர் நடுவில் வழி தவற மாட்டார் என்று அவர் சொன்னதை நான் மறக்கவே இல்லை.

அவர் அடுத்துக் கேட்டவை அனைத்தும் நடைமுறைக் கேள்விகள். யார் பேசுவார்கள்? அகில இந்திய வானொலியில் நாடகத்தில் பேச, குரல் தேர்வில் தேறியிருக்க வேண்டும். தேறியவர்களுக்குத் தரம் வழங்கப்பட்டிருக்கும். ஊர் நாடகக்காரர்களை நாம் விரும்பியபடி அழைத்துச் செல்ல முடியாது. தரம் பெற்ற கலைஞர்களின் குரலை நான் ஏற்கெனவே கேட்டுக் குறித்து வைத்திருந்ததால், எந்த வயதுக் குரல்கள் தேவை என்று என்னால் சொல்ல முடிந்தது. நகரத்தார் வழக்கை அவர்களுக்கு யார் கற்றுத்தருவார்கள் என்றும் கேட்டார். ஒலிப்பதிவு நாளில் நானே வந்து படித்துக் காட்டுவதாக ஏற்றுக்கொண்டேன். ஒரே நாளில் இரண்டு பகுதிகளைப் பதிவு செய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி. நான்கு நிலையான குரல்களும் ஒரு வருகைக் குரலும் என்ற அமைப்பு அங்கே உதவியது.

பிறகு, மிக நுட்பமான கேள்வி வந்தது. இந்தத் தொடரால் யாருடைய மனமாவது புண்படுமா? அகில இந்திய வானொலிக்கு ஒரு விதித்தொகுப்பு உண்டு. நட்பு நாடுகளைக் குறை கூறுதல், மதங்களையோ சமூகங்களையோ தாக்குதல், ஆபாசம், அவதூறு, வன்முறையைத் தூண்டுதல், நீதிமன்ற அவமதிப்பு, குடியரசுத் தலைவர், ஆளுநர்கள், நீதித்துறை ஆகியோரின் நேர்மைக்குக் களங்கம் கற்பித்தல், ஓர் அரசியல் கட்சியைப் பெயர் சொல்லித் தாக்குதல் ஆகியவை அதில் விலக்கப்பட்டுள்ளன. தனியார் பண்பலைகளும் தங்கள் உரிம ஒப்பந்தத்தின்படி இதே விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. எழுத்தாளர்கள் பலர் இதை ஒரு தடையாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. செட்டியார்களைப் பற்றி எழுதினால் சிக்கனத்தைக் கேலி செய்யும் பழைய துணுக்குகளை எடுத்து வைப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு சமூகத்தையே சிறுமைப்படுத்தும் அந்தச் சிரிப்பு பழசாகிப் போனது மட்டுமன்றி, எங்கள் வீடுகளில் வானொலியை அணைக்கவும் வைக்கும். அதனால் தொடக்கத்திலேயே அதை ஒதுக்கியிருந்தேன். என் தொடரில் சிரிப்புக்குரியது ஒரே வீட்டைப் பதினாறு பேர் பகிர்ந்துகொள்ளும் சிக்கல். எந்தச் சாதியும் எந்தத் தொழிலும் அதற்கு இலக்காகவில்லை. வீட்டைக் காக்கும் அண்ணாச்சியை ஏமாளியாகக் காட்டாமல், எல்லோரையும்விட நிலைமையைத் தெளிவாகப் புரிந்துகொண்டவராக எழுதியிருந்தேன்.

இன்னொன்றும் செய்திருந்தேன், அதை அவரிடம் சொன்னது மிகவும் உதவியது. எழுதிய பகுதிகளைக் கானாடுகாத்தானிலும் எங்கள் ஊரிலும் இருக்கும் மூத்த ஆச்சிமார் சிலரிடம் படித்துக் காட்டினேன். வளவில் பாய் விரித்து, வெள்ளைப் பணியாரமும் காப்பியும் வைத்துக்கொண்டு அவர்கள் கேட்டார்கள். சிரித்த இடங்களைவிட அவர்கள் இடைமறித்த இடங்களே எனக்கு அதிகம் கற்றுத்தந்தன. “ஆத்தா, பேரன் பசியோட வந்து நிக்கையில அப்பத்தா இத்தனை பேச்சுப் பேச மாட்டாக. மொதல்ல எலையப் போடுவாக, பொறவுதான் திட்டுவாக” என்று ஒருவர் சொன்னார். அந்த ஒரு திருத்தத்தால் மூன்றாவது பகுதி முழுவதும் உயிர் பெற்றது. அப்பத்தாவின் கண்டனங்கள் எல்லாம் பரிமாறும் ஓசைக்கு நடுவே வரத் தொடங்கின. நாம் எழுதும் மக்களே முதலில் கேட்டு ஒப்புக்கொண்டது என்று சொல்ல முடிந்தால், நிலையத்தாரின் தயக்கம் பெரிதும் குறைகிறது.

அவர் சில மாற்றங்களையும் கேட்டார். ஒரு வசனத்தில் வந்த துணிக்கடையின் பெயர் விளம்பரமாகிவிடும் என்பதால் ‘பஜார்ல இருக்கிற துணிக்கடை’ என்று ஆனது. உள்ளாட்சித் தேர்தலைத் தொட்ட பகுதி ஒன்று முழுவதுமாக நீங்கியது. அதன் இடத்தில், பொதுத் தண்ணீர்க் குழாயை வீட்டின் எந்தப் பக்கம் வைப்பது என்ற பகுதியை எழுதினேன். கேட்ட மாற்றத்தை அங்கேயே, அவர் முன்னிலையிலேயே ஒரு மாற்றுக் கருத்தோடு ஏற்றுக்கொள்ளும் எழுத்தாளரோடு பணியாற்ற எந்த நிர்வாகியும் விரும்புவார். விட்டுக்கொடுக்க இயலாதது ஒன்றிரண்டு இருக்கலாம். அப்பத்தாவின் பேச்சு வழக்கைப் பொதுத் தமிழாக மாற்றலாமா என்று கேட்டபோது, அது மட்டும் வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னேன். முதல் நிமிடத்திலேயே அவர் குரல் காதில் பதிய வேண்டுமென்றால் அந்த வழக்கு இருந்தாக வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார்.

இந்தச் சந்திப்புக்குப் பல மாதங்கள் முன்பே, ஒரு சமுதாய வானொலியில் மூன்று பகுதிகளைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு பதிவு செய்து ஒலிபரப்பியிருந்தோம். புதியவர்களுக்கு நான் முதலில் காட்டும் வழி இதுவே. இந்தியாவில் கல்வி நிறுவனங்களுக்கு 2002 முதலும், தொண்டு நிறுவனங்களுக்கு 2006 முதலும் சமுதாய வானொலி நடத்த வழி திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை 2004இல் முதலாவதாக வந்தது. 100 வாட் அளவுக்குள் இயங்கும் இந்த நிலையங்களின் ஒலி சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர் வரையே எட்டும். ஆனால் நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூரிலேயே உருவாக வேண்டும் என்பது விதி. ஆகவே உள்ளூர் வழக்கில், உள்ளூர்ச் சிக்கலைப் பற்றி எழுதி வருபவரை அவர்கள் வரவேற்பார்கள். பணம் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். ஒலிவாங்கியின் முன் நம் வசனம் எப்படி ஒலிக்கிறது என்ற அறிவு கிடைக்கும். நாங்கள் முதலில் ஒரு பெரிய வீட்டின் வளவிலேயே பதிவு செய்து பார்த்தோம். மெருகேற்றிய சுவரும் கல் பதித்த தரையும் ஒலியைத் திருப்பி அனுப்பியதால் ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்டது. கதவோசையையும் அப்பத்தா தொலைவிலிருந்து கூப்பிடும் குரலையும் மட்டும் அங்கே பதிவு செய்துகொண்டு, மற்ற வசனங்களை மெத்தைகளும் துணி மூட்டைகளும் அடுக்கிய ஓர் உள்வீட்டில் பேசவைத்தோம். அந்த மூன்று பகுதிகளின் பதிவு என் கைப்பையில் இருந்ததால்தான் பெரிய நிலையத்தில், “கேட்டுப் பார்க்கிறீங்களா, மேடம்?” என்று என்னால் சொல்ல முடிந்தது.

தனியார் பண்பலைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அங்கே ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடம் வரையிலான துண்டுகளுக்கே இடம் உண்டு. அவை பாடல்களுக்கும் விளம்பரங்களுக்கும் இடையில் ஒரு நாளில் பலமுறை வரும். அதே கருவை நான் தொலைபேசி உரையாடலாகச் சுருக்கினேன். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பங்காளி சாவியைக் கேட்டு அழைப்பார். அப்பத்தா ஒரே பதிலில் முடித்துவிடுவார். அங்கே முதல் ஐந்து நொடிக்குள் நிலைமை விளங்க வேண்டும், கடைசிச் சொல்லில் சிரிப்பு வர வேண்டும், எந்த விளம்பரதாரர் பக்கத்தில் இதை வைக்கலாம் என்று விற்பனைப் பிரிவுக்கும் தெரிய வேண்டும். ஓர் இடத்தில், உண்மையான பங்காளிகளைத் தொலைபேசியில் அழைத்து ஏமாற்றிப் பதிவு செய்யலாமே என்றார்கள். சம்மதமின்றி ஒருவருடைய குரலையும் குடும்பச் சண்டையையும் ஊருக்குக் கேட்கவைப்பதை நான் நகைச்சுவையாகக் கருதவில்லை என்று தெரிவித்து விலகிக்கொண்டேன். தனியார் பண்பலைகள் செய்தி வகையில் அகில இந்திய வானொலியின் செய்தியை மட்டுமே ஒலிபரப்பலாம் என்பதால், அன்றாட அரசியலை வைத்து நகைச்சுவை எழுத விரும்புபவர்களும் அங்கே கவனமாக இருக்க வேண்டும்.

பதில் வராமல் இருப்பது இந்தத் துறையில் இயல்பு. ஒரு நிலையம் என் தாளைப் பெற்றுக்கொண்டதாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு காலாண்டு காத்திருந்து, அடுத்த காலாண்டுக்கான திட்டமிடலுக்கு முன்பு ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புவது என்ற முறையை நான் கடைப்பிடித்தேன். ஒரே தாளை ஒரே நேரத்தில் பல நிலையங்களுக்கு அனுப்பினால், அதை ஒவ்வொரு கடிதத்திலும் குறிப்பிட்டுவிடுவது நாணயமான செயல். இரண்டு இடங்களில் ஒப்புக்கொள்ளப்பட்டு ஓரிடத்தில் மறுக்க நேர்ந்தால், அடுத்த முறை அந்தக் கதவு திறக்காது.

கருவைத் திருடிவிடுவார்களோ என்ற அச்சத்தை இளைஞர்கள் பலர் என்னிடம் தெரிவிக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், எழுதப்பட்ட வடிவத்தைப் பாதுகாக்கிறது. வெறும் கருவைப் பாதுகாப்பதில்லை. ‘பங்காளிகளும் ஒரு சாவியும்’ என்ற எண்ணம் யாருக்கும் தோன்றலாம். என் அப்பத்தா பேசும் வசனம் என்னுடையது. அதனால்தான் முழு எழுத்துப்படி ஒன்றையாவது இணைத்து, தேதியிட்டு, மின்னஞ்சலில் அனுப்பி, படியைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். பதிவு செய்தால்தான் உரிமை உண்டு என்பதில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை தொடங்கிவிடும். ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்திடும் முன் முழுவதும் படிக்க வேண்டும். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும். மறுஒலிபரப்பு, இணையத்தில் வெளியிடுதல், வேறு மொழியில் ஆக்குதல், மேடையில் நடித்தல் ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனி உரிமைகள். எதைக் கொடுக்கிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தயக்கம் வேண்டாம். நான் மேடை உரிமையை என்னிடமே வைத்துக்கொண்டேன். கேட்டபோது யாரும் மறுக்கவில்லை.

ஒப்புதல் வந்த பிறகு வேலை வேகமெடுக்கும். முதல் ஒலிப்பதிவுக்கு முன் நான்கு பகுதிகளாவது முழுமையாக எழுதி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். உடல்நலக் குறைவோ வீட்டுத் திருமணமோ வந்தாலும் ஒலிபரப்பு யாருக்காகவும் காத்திருக்காது. எழுத்துப்படியில் பாத்திரப் பெயர் இடது ஓரத்திலும், வசனம் அகன்ற இடைவெளியோடும், ஒலிக்குறிப்பு தனி வரியிலும் இருக்க வேண்டும். ஒரு வசனம் பக்கத்தின் முடிவில் உடைந்து அடுத்த பக்கத்திற்குப் போகக் கூடாது. பக்கம் புரளும் ஓசை ஒலிப்பதிவில் விழும். பேச்சு வழக்குச் சொற்களை உச்சரிக்கும் விதத்திலேயே எழுதிவிட வேண்டும். ஒலிப்பதிவின்போது கலைஞர்கள் சிரித்துவிட்டால் அந்த வசனத்தின் பக்கத்தில் ஒரு குறியிடுவேன். ஒருவர் மூச்சுத் திணறிப் படித்தால் அந்த வாக்கியத்தை அங்கேயே இரண்டாக உடைத்துவிடுவேன். எங்கள் கணக்குப்பிள்ளையாகப் பேசிய மூத்த கலைஞர், வசனத்திற்கு முன்னால் கணக்கு நோட்டைப் புரட்டும் ஓசை வேண்டும் என்று தாமே கேட்டு, வீட்டிலிருந்து ஒரு பழைய பேரேட்டைக் கொண்டுவந்தார். நான்காவது பகுதியிலிருந்து அந்தப் பேரேட்டின் ஓசை கேட்டாலே அவர் வந்துவிட்டார் என்று கேட்பவர்கள் புரிந்துகொண்டதை, நிலையத்திற்கு வந்த கடிதங்களில் கண்டோம். அதன் பிறகு எழுதிய பகுதிகளில் அவருடைய அறிமுக வசனத்தையே எடுத்துவிட்டேன்.